வானில் ஒரு பன்மை

அரபு இலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவனுக்குத் தொடக்கத்திலேயே ஒரு வியப்புக் காத்திருக்கும். தமிழில் ஒருமை, பன்மை என எண்கள் இரண்டே. அரபியிலோ மூன்று. ஒன்றைக் குறிப்பது முஃப்ரத். இரண்டைக் குறிப்பது முஸன்னா. மூன்றும் அதற்கு மேற்பட்டனவும் ஜம்உ. அந்த ஜம்உ எனும் பன்மையிலும் இரு வகை உண்டு. முஅல்லிம் என்னும் சொல் முஅல்லிமூன் ஆகும்போது ஒருமையின் வடிவம் சிதையாமல் அப்படியே நிற்கிறது. அதனை ஜம்உ ஸாலிம், அதாவது ஊறுபடாத பன்மை என்பர். கிதாப் என்பது குதுப் ஆகும்போதோ ஒருமையின் கட்டுக் குலைந்து போகிறது. அது ஜம்உ தக்ஸீர், உடைந்த பன்மை.

பல்லாண்டுகளாக இப்பாடத்தை நாம் நடத்தி வருகிறோம். ஆயினும், இதற்கு வானத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டென்று அண்மைக் காலம் வரை எண்ணிப் பார்த்ததில்லை.

ஒருநாள் பாடம் முடிந்ததும் மாணவர் ஒருவர் ஒரு நிழற்படத்தைக் கொணர்ந்து காட்டினார். அதில் வானத்தின் நடுவே பெரிய மலரொன்று விரிந்திருந்தது. உற்று நோக்கியபோது அதன் இதழ்கள் யாவும் மனிதர்கள் என்பது புலனாயிற்று. ஒருவர் கையை ஒருவர், ஒருவர் காலை ஒருவர் பற்றியபடி நானூறு பேர் நிலத்தை நோக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். 2006ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் தாய்லாந்தின் உதோன் தானி நகருக்கு மேலே அமைந்த கோலம் அது. அந்த மலர் குலையாமல் நின்ற நேரம் 4.25 விநாடி. நாம் ஒருமுறை மூச்சை இழுத்து விடுவதற்குள் கழிந்துவிடும் நேரம்.

“இந்த நாலேகால் விநாடிக்காகவா, ஹஜ்ரத், நானூறு பேர் உயிரைப் பணயம் வைத்தார்கள்?” என்று அம்மாணவர் கேட்டார்.

உடனே விடை பகர நம்மால் இயலவில்லை. ‘வீண் விளையாட்டு’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாம்; அது எளிது. ஆனால் அறியாத ஒன்றைப் பழிப்பதும் புகழ்வதும் கற்றோர்க்கு அழகன்று. ஆகவே அந்த வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததையும், அதிலிருந்து நமக்குக் கிட்டிய விடையையும் இங்கு எழுதுகிறோம்.

ஒருமை

பாராசூட்டுக்குத் தமிழர் இட்ட பெயர் வான்குடை. அரபியிலும் அதற்கு மிளல்லா என்று பெயர். நிழல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. வெயிலுக்குப் பிடிக்கும் குடைக்கும் அதுவே பெயர். இரு மொழியினரும் ஒரே பொருளைக் கண்டு ஒரே உவமையை எடுத்தாண்டிருப்பது இன்பம் தருவதே.

இக்குடையின் வரலாறு தனியொரு மனிதரிடமிருந்து தொடங்குகிறது. 1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஆந்திரே ஜாக் கார்னெரின் என்பார் பாரிஸ் நகரில் பலூன் ஒன்றில் உயரே சென்றார். அவர் நின்றிருந்த கூடைக்கு மேல் பட்டுத் துணியாலான குடை தொங்கிற்று. உயரே போனதும் பலூனுடன் பிணைத்திருந்த கயிற்றை அறுத்தார். பலூன் பறந்தது, குடை விரிந்தது. காற்று வெளியேற அக்குடையின் உச்சியில் துளை இல்லாமையால் கூடை ஊசலாட்டமாய் ஆடிற்று. காண வந்தோர் அஞ்சி நடுங்கினர். எனினும் அவர் உயிருடன் இறங்கினார். உச்சியில் துளையிட்டால் ஆட்டம் குறையும் என்ற பாடம் இத்தகைய இறக்கங்களிலிருந்தே கிடைத்தது.

பின்னும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அச்சம் நிலவியது. குடை விரியாமல் சிறிது தூரம் விழுந்தாலே மனிதன் நினைவிழந்து விடுவான், தன் கையால் குடையை விரிக்க அவனால் இயலாது என்று பலர் நம்பினர். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லெஸ்லி இர்வின் என்ற இளைஞர் விமானத்திலிருந்து குதித்து, விழுந்துகொண்டே தன் கையால் கயிற்றை இழுத்துக் குடையை விரித்தார். இறங்கும்போது கணுக்கால் முறிந்தது. ஆனால் அந்த அச்சமும் அன்றே முறிந்தது.

விழலாம் என்பது தெரிந்தது. நிலையாக விழுவது எப்படி? உடல் சுழன்று தலைகீழாகப் புரண்டால் கயிறும் துணியும் மேனியில் சுற்றிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுப் படையில் வான்குடை வீரராயிருந்த லியோ வாலந்தின் இதற்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர். வயிறு நிலத்தை நோக்க, முதுகை வளைத்து, கைகால்களை அகல விரித்து வைத்தால், காற்றே மெத்தையாகி உடலைத் தாங்கும் என்று அவர் செய்து காட்டினார். அவ்வாறு விழுகையில் மனிதனின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 முதல் 200 கிலோமீட்டர் அளவில் வந்து நிலைத்துவிடுகிறது, அதற்குமேல் கூடுவதில்லை. இவ்வுண்மையின் மீதே பின்வந்த அனைத்தும் கட்டப்பட்டன. அதனைக் கண்டறிந்த வாலந்தின், 1956இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மரச்சிறகு கட்டிக்கொண்டு குதித்து உயிர் துறந்தார் என்பது இவ்வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

இருமை

ஒருவர் நிலையாக விழக் கற்றபின் இருவர் சேர்ந்து விழ முயன்றனர். ஓடும் ரயிலில் எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவருக்கு மற்றவர் அசையாமல் இருப்பதாகவே தோன்றும். அதுபோல் இருவர் ஒரே வேகத்தில் விழுந்தால் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் வானில் மிதந்து நிற்பதாகவே காணப்படுவார். அந்நிலையில் கையை ஒரு விரற்கடை அசைத்தாலும் உடல் பக்கவாட்டில் நகரும். காலை நீட்டினால் முன்னே செல்லும்.

இத்தேர்ச்சிக்கு அளவுகோலாக அக்காலத்தார் வைத்தது ஒரு சிறு கட்டை. ஒருவர் கையிலிருந்த கட்டையை விழும்போதே மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். வட அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டில் இது நிறைவேறிற்று. வானில் ஒரு கையிலிருந்து மறுகைக்குச் சென்ற அக்கட்டையே பிற்காலத்து நானூறு பேருக்கும் வித்து எனலாம்.

பன்மை

1965ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் எட்டுப் பேர் வானில் கைகோத்து வட்டமாயினர். அவ்வட்டத்துக்கு நட்சத்திரம் என்று பெயரிட்டனர். சில ஆண்டுகளில் பத்துப் பேர் கூடி யார் விரைவில் நட்சத்திரம் அமைப்பது என்று போட்டிகள் நடந்தன. கூட்டம் பெருகப் பெருக வட்டம் போதவில்லை. ஒரே வட்டமாகப் பலர் கைகோத்தால் அது கயிறு போல் நெளிந்து அறுந்துவிடும். ஆகவே நடுவில் உறுதியான சிறு குழு. அதனைச் சுற்றிக் கிளைகள். கிளைகளின் நுனியில் மேலும் கிளைகள் என்று பூவைப் போலவும் பனித்துகளைப் போலவும் கோலங்கள் வரையப்பட்டன.

உடைந்த பன்மை

இவ்வளர்ச்சியின் தொடக்கக் காலத்திலேயே ஒரு பேரிடி விழுந்தது. அதனைச் சொல்லாமல் சாதனைகளை மட்டும் அடுக்குவது வரலாறாகாது.

1967ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள். ஒஹாயோ மாநிலத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து, போர்க்காலத்துக் குண்டுவீச்சு விமானமொன்று வான்குடை வீரர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஏறத்தாழ 20,000 அடி உயரம் சென்றார்கள். கீழே மேகம் மூடியிருந்தது, நிலம் தெரியவில்லை. தரையில் ராடார் திரையைப் பார்த்திருந்த அலுவலர் இடத்தைச் சொன்னார். ஆனால் அவர் திரையில் கண்டது வேறொரு சிறு விமானத்தின் புள்ளி. அச்சொல்லை நம்பிப் பதினெட்டுப் பேர் குதித்தனர். மேகத்தைக் கடந்து வெளிப்பட்டபோது கீழே வயல் இல்லை. ஈரி ஏரியின் நீர்ப்பரப்பே விரிந்து கிடந்தது. கரை மைல் கணக்கில் தொலைவு. பதினாறு பேர் மூழ்கி மாண்டனர். இருவர் மட்டுமே பிழைத்தனர்.

ராடார் அலுவலரின் தவற்றுக்கு அரசே பொறுப்பு என்று பின்னாளில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் மேகத்தினூடே குதிக்கலாகாது என்ற விதி அன்றே இருந்தது என்பதை மறக்கலாகாது. விதியை ஏற்றவர் விமானியும் உண்டு, குதித்தவரும் உண்டு. ‘மற்றவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒவ்வொருவரும் எண்ணினால் பதினெட்டுப் பேரின் அறிவு ஒருவரின் அறிவினும் குறைந்துபோகிறது. கூட்டத்தின் ஆபத்து இதுவே. கூட்டம் துணிவைக் கூட்டும், விழிப்பைக் கூட்டுவதில்லை. விழிப்பை ஒவ்வொருவரும் தாமே கொண்டுவர வேண்டும்.

எண்ணும் முழுமையும்

இதன் பின்னர்க் கருவிகள் திருந்தின. டொமினா ஜால்பர்ட் என்பார் 1960களில் வடிவமைத்த, காற்றறைகள் கொண்ட செவ்வகக் குடை பழைய வட்டக் குடையின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்தது. அதனைப் பறவையின் சிறகு போல் திருப்பி விரும்பிய இடத்தில் இறங்கலாம். முதற்குடை பழுதானால் அதனை நொடியில் கழற்றிவிட்டு இரண்டாம் குடையை விரிக்க உதவும் மூவளையப் பூட்டினை 1970களில் பில் பூத் என்பவர் ஆக்கித் தந்தார். குதித்தவர் நினைவிழந்தாலும் குறித்த உயரத்தில் இரண்டாம் குடையைத் தானே விரிக்கும் நம்பகமான மின்னணுக் கருவி 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்தது.

எண்ணிக்கையும் ஏறிற்று. 1988ஆம் ஆண்டு ஜூலையில் இல்லினாய் மாநிலத்தின் குவின்சியில் 144 பேர். 1992ஆம் ஆண்டு அக்டோபரில் தென் கரோலினாவின் மர்ட்டில் பீச்சில் 200 பேர். 1996ஆம் ஆண்டு செப்டம்பரில் ரஷ்யாவின் அனாப்பா நகருக்கு மேலே 297 பேர் வானில் கூடினர்.

ஈண்டு வாசகர் ஒரு வியப்பைக் காணலாம். 297க்குப் பின் உலக சாதனையாக ஏற்கப்பட்ட எண் 246. இது 1998இல் இல்லினாயின் ஒட்டாவாவில் நிகழ்ந்தது. அதன்பின் 1999ஆம் ஆண்டு டிசம்பரில் தாய்லாந்தின் உபோன் ராச்சதானியில் 282. பெரிய எண் இருக்கச் சிறிய எண் சாதனையாவது எங்ஙனம்?

இதற்கு விடை, 1905இல் தோன்றிய உலக வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் விதியில் உள்ளது. குதிப்பதற்கு முன்னரே கோலத்தின் வரைபடத்தை நடுவர்களிடம் தந்துவிட வேண்டும். யார் எந்த இடம், எவர் கை எவரைப் பற்றும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பின்னர் ஒளிப்படக்காரர்கள் மேலிருந்து எடுத்த படத்தை வைத்து நடுவர்கள் ஒவ்வொரு பிடியாகச் சரிபார்ப்பர். ஒரே ஒரு பிடி இல்லையெனினும் சாதனை இல்லை. முந்நூறு பேருக்கு வரைபடம் தந்துவிட்டு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் சேர்ந்தால் அது 299 ஆகாது, பூச்சியம். பெரிய எண்ணுக்கு இங்கு மதிப்பில்லை. சொன்னது முழுமையாக நிறைவேறியதற்கே மதிப்பு.

2002ஆம் ஆண்டு டிசம்பரில் அரிசோனாவின் எலாய் நகரில் முந்நூறு முழுமையாயிற்று. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் தாய்லாந்தின் தக்லியில் 357. ஈராண்டு கழித்து, நாம் நிழற்படத்தில் கண்ட நானூறு. 1988ஆம் ஆண்டு சோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வான்குடை வீரர்களைக் கொண்டு ஐந்து வளையங்களை வானில் அமைத்துக் காட்டிய பி. ஜே. வொர்த் என்பவரே இவ்விரண்டிற்கும் தலைமை தாங்கினார்.

பெண்களும் பின்தங்கவில்லை. 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் பெரிஸ் நகரில் 181 பெண்கள் ஒரே கோலத்தில் இணைந்தனர். மார்பகப் புற்றுநோய் ஒழிப்புப் பணிக்கு நிதி திரட்டுவதே அவர்களின் நோக்கம். குடை விரித்த பின் ஒருவர் குடையோடு மற்றவர் இணைந்து நூறு பேர் கோலம் அமைத்ததும் (புளோரிடா, 2007), தலைகீழாக விழுந்தபடியே 164 பேர் கைகோத்ததும் (இல்லினாய், 2015) இதே வரலாற்றின் கிளைகள்.

நானூறு எவ்வாறு கூடிற்று?

தாய்லாந்து விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானங்கள் ஐந்து அணிவகுத்துப் பறந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தோர் அவற்றில் இருந்தனர். உயரம் ஏறத்தாழ 25,000 அடி. அங்கே காற்று மெலிந்தது. உயிர்க்காற்றைக் குழாய்வழிச் சுவாசிக்க வேண்டும். குளிரோ உறைபனிக்கும் கீழே. ஐந்து விமானங்களின் பின்கதவுகளிலிருந்தும் குறிப்பறிந்து வெளியேற வேண்டும். ஒரு நொடி தாமதம் நூற்றுக்கணக்கான அடித் தொலைவாகிவிடும்.

முதலில் நடுக்குழு விழுந்து தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும். அதனை நோக்கி மற்றவர்கள் தத்தம் திசையிலிருந்து நெருங்குவர். உடல் கனத்தோர் விரைந்து விழுவர். மெலிந்தோர் மெல்ல விழுவர். எனவே கனத்தவருக்குத் தளர்ந்த உடையும் மெலிந்தவருக்கு இறுகிய உடையும் தந்து வேகத்தைச் சமன் செய்வர். நெருங்குவோர் வேகத்தை அடக்கி, இறகு வந்து அமர்வது போல் வந்து பற்ற வேண்டும். பாய்ந்து பற்றினால் அந்த அதிர்ச்சி கோலம் முழுதும் அலையாகப் பரவும். இன்னொருவரின் முதுகுக்கு மேலே போய்விட்டால், அங்கே தாங்கும் காற்று இல்லாமையால் அவர் மேலேயே விழ நேரிடும். கோலத்திற்குக் கீழே தாழ்ந்துவிட்டவர் மீண்டும் ஏறி வருவது மிகவும் அரிது. அவர் கண்முன்னே தம் இடம் வெற்றிடமாய் நிற்கும். அப்போது அவர் செய்ய வேண்டியது ஒன்றே: எவர்க்கும் இடையூறாகாமல் விலகி நிற்பது.

இத்துணைக்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். அதற்காகத் தரையில் நாள்தோறும் மணிக்கணக்கில் ஒத்திகை நடக்கும். எல்லோரும் தத்தம் இடத்திற்கு நடந்து வந்து, எவர் கையைப் பற்றுவது, எவர் முகத்தைப் பார்ப்பது, எத்திசையில் பிரிவது என்று திரும்பத் திரும்பப் பழகுவர். மதரஸாவில் பாடம் ஓதி ஒப்பிக்கும் பிள்ளைகளைப் போல என்றால் மிகையாகாது. தம் இடத்தை அடையத் தவறுபவரை நீக்கிவிட்டு மாற்று ஆளை அவ்விடத்தில் அமர்த்துவதும் உண்டு. பல ஆண்டுகள் பயின்று, கடல் கடந்து, கைப்பொருள் செலவிட்டு வந்தவர், ‘நாளை நீர் தரையிலேயே இரும்’ என்ற சொல்லை ஏற்றுக்கொள்ள வேண்டும். குதிப்பதற்கு வேண்டும் துணிவைவிட இதற்கு வேண்டும் மனத்திண்மை பெரிதென்றே நமக்குத் தோன்றுகிறது.

விடுவது

பற்றுவதைப் பற்றி இவ்வளவு எழுதினோம். ஆனால் இக்கலையின் அரிய பகுதி பற்றுவதில் இல்லை, விடுவதில் இருக்கிறது.

நானூறு பேரும் ஒரே இடத்தில் குடை விரித்தால் என்னாகும்? ஒருவர் குடை மற்றவரைச் சுருட்டும், அனைவருக்கும் அழிவு. ஆகவே குறித்த உயரம் வந்ததும் வெளிவட்டத்தார் முதலில் கையை விட்டுத் திரும்பி, அம்பு போல் விலகிப் பறப்பர். அடுத்து அதற்குள்ளிருக்கும் வட்டத்தார். பின் அதற்கும் உள்ளிருப்போர். நடுவிலிருப்போர் கடைசி. ஒவ்வோர் அலைக்கும் பிரியும் உயரமும் குடை விரிக்கும் உயரமும் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். கோலம் நிறைவடையாவிட்டாலும் குறித்த உயரத்தில் விட்டே தீர வேண்டும். இன்னும் ஒரே ஒருவர் வந்து சேர வேண்டியிருக்கிறது, ஒரு விநாடி பொறுத்தால் சாதனை என்ற நிலையிலும் விட்டாக வேண்டும்.

இவ்வளவு ஒழுங்கிருந்தும் மரணம் வாராமலில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் பெரிஸ் நகரில் 222 பேர் கொண்ட முயற்சி நடைபெற்றபோது, பெண் ஒருவர் குடை பழுதுற்று உயிரிழந்தார். வானில் ஒன்றல்ல, அடுத்தடுத்து இரு கோலங்கள் அமைப்பதென்பது அவர்கள் குறிக்கோள். எஞ்சியோர் பின்னர் அதனை நிறைவேற்றினர். சாதனை ஏட்டில் அந்த எண் உண்டு. அந்தப் பெண்மணியின் இழப்புக்கு அங்கே பத்தி இல்லை. ஆகவேதான் அந்த ஏட்டை மட்டும் படித்து இக்கலையை மதிப்பிட நாம் விரும்பவில்லை.

நானூறு என்ற அந்த எண் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக முறியாமல் நிற்கிறது. ஐந்நூறு பேரைச் சேர்க்க விமானங்கள் மேலும் வேண்டும்; உயரமும் மேலும் வேண்டும்; விழும் நேரமோ அதற்கேற்ப நீளாது. முறியாமல் நிற்பதும் ஒரு வகையில் நன்றே. எங்கே நிறுத்துவது என்று அறிவதும் கைவிடும் உயரத்தை அறிவது போன்றதொரு கல்விதானே?

இனி, அம்மாணவரின் கேள்விக்கு வருவோம். நாலேகால் விநாடிக்காகவா இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்தார்கள்? உயிரைப் பணயம் வைப்பதே நோக்கமாயிருந்தால் இவ்வளவு விதிகள் எதற்கு? கருவிகள் எதற்கு? தரையில் அத்தனை நாள் ஒத்திகை எதற்கு? அந்த நாலேகால் விநாடி நடுவர்களுக்குரியது. அதற்கு முன்னுள்ள உழைப்பும் அதற்குப் பின்னுள்ள பிரிவும் குதிப்பவர்களுக்குரியவை. ஏன் குதிக்க வேண்டும் என்று வினவுவோர் வினவட்டும். நம் பிள்ளைகளை அனுப்புவோமா என்றால் நாமும் தயங்கவே செய்வோம். ஆனால் சேர்ந்து ஒரு காரியம் செய்ய விரும்பும் எவரும், அது குடும்பமாயினும் ஊர்ச் சங்கமாயினும், இவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. தன் இடத்தை அறிந்து வருதல், மெல்லப் பற்றுதல், தவறினால் விலகி நிற்றல், உரிய வேளையில் விட்டுக்கொடுத்தல் ஆகிய நான்கும் இல்லாத கூட்டம் எத்துணைப் பெரிதாயினும் ஈரி ஏரியின் மேகத்திற்குள் குதித்த கூட்டமே.

மறுநாள் வகுப்பில் பன்மைப் பாடம் மீண்டும் வந்தது. ஜம்உ ஸாலிம் என்பதற்குப் பொருள் கூறுமாறு அம்மாணவரையே கேட்டோம்.

அவர் சிறிது நேரம் எண்ணியிருந்துவிட்டு, “எல்லோரும் நலமாகத் தரை சேர்ந்த பன்மை, ஹஜ்ரத்,” என்றார்.

இலக்கண நூலில் அவ்வாறு எழுதியிருக்கவில்லை. ஆயினும் நாம் அதைத் திருத்தவில்லை.